செம்மண் பாதையில் ஒரு மகிழுந்து



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தேர்வு வினாக்கள் என்றே எழுதிப் பழகிய கை இன்று மகிழுந்தைப் பற்றி எழுத முனைகிறது. காரணம் இதுதான். பெற்றோர் சந்திப்பு நாளில், மகனின் கணிதப் புள்ளிகளைப் பற்றிப் பேச வந்த தாயார் ஒருவர், எழுந்து போகும்போது, “டீச்சர், உங்க காடி இன்னும் புதுசு மாதிரியே இருக்கே, என்னதான் செய்றீங்க?” என்று கேட்டார். பின்னால் இன்னும் பலர் காத்திருந்தமையால், “அடிக்கடி கழுவுவேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அது முழு விடையன்று.

என்னுடையது 2009-ஆம் ஆண்டு வாங்கிய பெரோடுவா மைவி. ஒன்பது ஆண்டுக் கடன். 2018-இல்தான் அது முழுமையாக எனக்குச் சொந்தமாயிற்று. மகள் பல்கலைக்கழகத்தில் பயில்கின்ற இந்நாளில் புதிய கடனுக்கு இடமில்லை. நான் பணியாற்றும் பள்ளியோ ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே உள்ளது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. பேருந்து கிடையாது. போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் ஆசிரியர்களின் மகிழுந்துகள்தாம். ஆகவே, “ஒரு காருக்கு இத்தனை சீராட்டா?” என்று சக ஆசிரியர்கள் கேலி செய்யும்போது நான் சிரித்துவிட்டு வாளியை நிரப்பப் போய்விடுவேன்.

மகிழுந்தின் மேலே நாம் காணும் நிறம் ஒரே பூச்சன்று. இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் அடிப்பூச்சு, அதற்கும் மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற மேற்பூச்சு என்று அடுக்கடுக்காக அமைந்துள்ளது. இவையனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிப்புத்தான். வெயிலையும் மழையையும் நேராகத் தாங்குகின்ற அந்த நிறமற்ற மேற்பூச்சு 35 முதல் 50 மைக்ரான் வரையில் இருக்கும். நம் தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு! இந்த மெல்லிய ஏடு தேய்ந்து போனால்தான் கூரையிலும் இயந்திர மூடியிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தோன்றி, பாம்புச் சட்டைபோல் உரியத் தொடங்கும். அதன் பிறகு எந்த மெழுகும் உதவாது. மறுசாயம் ஒன்றே வழி.

அந்த ஏட்டைத் தேய்ப்பவர்கள் பெரும்பாலும் நாமேதான். இறகுத் துடைப்பம் ஒன்றைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு, காலையில் புழுதியைத் தட்டிவிட்டு ஏறுகிறவர்களை நாள்தோறும் காண்கிறேன். செம்மண் புழுதி என்பது நுண்ணிய மணல். உலர்ந்த மணலைச் சாயத்தின் மேல் இழுப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் அளவில்தான் வேறுபடும். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்ட வட்டக் கீறல்கள் தெரிகின்றனவே, அவை இவ்வாறு வந்தவை. எனவே முதலில் நீரைப் பாய்ச்சிப் புழுதியைத் தானாக வழிந்தோட விடுதல் வேண்டும். பிறகே கை படலாம்.

எனக்கு இரண்டு வாளிகள். ஒன்றில் மகிழுந்துக்கென விற்கும் நடுநிலைச் சவர்க்காரம் கரைத்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசி, மண்ணை அங்கே விட்டுவிட்டு, அதன் பின்னரே சவர்க்கார நீரில் நனைக்கிறேன். கூரையில் தொடங்கிக் கீழே வருவேன். சக்கரங்களுக்குத் தனித்துணி. தட்டு கழுவும் நீர்மத்தைப் பயன்படுத்துவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்யப்பட்ட பொருள் அது, மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும். உச்சி வெயிலில் கழுவுவதும் கூடாது. தகடு சூடாக இருந்தால் நீர் உடனே ஆவியாகி, அதிலுள்ள உப்புகள் வட்டக் கறைகளாய்ப் படிந்துவிடும். முன்பெல்லாம் எனக்குக் கழுவும் நாள் வெள்ளிக்கிழமை. 2025 சனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியபின் ஞாயிறு காலை ஆகிவிட்டது. இந்த மாற்றத்துக்குப் பழக எனக்கும் என் வாளிகளுக்கும் சில மாதங்கள் பிடித்தன.

அடுத்தது மைனாக்கள். நகரத்தில் அங்சானா மரத்தடி நிழல் என்று நம்பி நிறுத்தியவர்கள் மாலையில் வந்து பார்த்து மனம் வெதும்பியிருப்பீர்கள். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. அமிலத்தோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பகல் வெப்பத்தில் மேற்பூச்சு இளகி விரிகிறது; மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்து கிடக்கும் எச்சத்தின் வடிவத்தையே அச்செடுத்ததுபோல் இறுகிவிடுகிறது. எச்சத்தை அகற்றிய பின்னும் மங்கிய தழும்பு எஞ்சுவது இதனால்தான். ஒரு குப்பி நீரும் மெல்லிய துணியும் எப்போதும் என் காரில் இருக்கும். ஈரத்துணியை எச்சத்தின் மேல் சில நிமிடங்கள் போட்டு, ஊறியபின் தூக்கி எடுக்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. மாணவர்களுக்கு அமிலம், காரம் நடத்தும்போது இதனை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. பாடநூலில் உள்ள எலுமிச்சையைவிட மைனாவே அவர்கள் நினைவில் நிற்கிறது.

மெழுகு பற்றியும் ஒரு சொல். கர்னாபா என்னும் மெழுகு பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் இலையிலிருந்து கிடைக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் ஓடும் காருக்கு வேறொரு பனை காப்பாக இருப்பது எனக்குப் பிடித்த செய்தி. நம் வெயிலிலும் மழையிலும் அது சில வாரங்களே தாங்கும்; செயற்கைப் பூச்சுகள் சில மாதங்கள் தாங்கும். வணிக வளாகங்களில் கூடாரம் போட்டு, ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குச் செராமிக் பூச்சு விற்கிறார்கள். நல்ல பொருள்தான், நீர் ஒட்டாது, அழுக்கு எளிதில் போகும். ஆயினும் லாரிச் சக்கரம் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னே நாள்தோறும் செல்கின்ற எனக்கு அந்தச் செலவு பொருந்தாது என்பது என் முடிவு. கல் பட்டுச் சாயம் பெயர்ந்த இடங்களில், காரின் தகட்டில் உள்ள நிறக் குறியெண்ணைக் காட்டிச் சிறு குப்பிச் சாயம் வாங்கி, அன்றோ மறுநாளோ தொட்டு வைத்துவிடுகிறேன். பார்வைக்குப் புள்ளி தெரியும், தெரியட்டும். துரு ஏறாது.

இனி உட்புறம். என்னைக் கேட்டால் வெளிப்புறத்தைவிட இதுவே முதன்மையானது. வெயிலில் பூட்டிய மகிழுந்தின் உள்ளே பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ பத்துப் பாகை கூடிவிடும். சன்னலைச் சற்றே திறந்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. டேஷ்போர்டு வெடிப்பதும் இருக்கைத் துணி வெளுப்பதும் இதனால்தான். அது பொருட்கேடு. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குள் “ஒரு நிமிடம்” போய் வருவது உயிர்க்கேடு. பின்னிருக்கையைப் பார்க்காமல் கதவைப் பூட்டாதீர்கள் என்று பெற்றோர்களை இங்கே மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவோர் விதியை அறிந்திருத்தல் நலம். 2019-ஆம் ஆண்டு மே மாதம் தளர்த்தப்பட்ட விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும் முன் சன்னல்கள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். இருள்தான் குளிர்ச்சி என்று எண்ண வேண்டாம். வெப்பத்தைத் தடுக்கும் திறன் தாளின் தரத்தைப் பொறுத்தது. டேஷ்போர்டுக்கு ஈரத்துணி போதும். பளபளக்கும் எண்ணெய்ப் பூச்சைத் தடவினால் அதன் ஒளி முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூச வைக்கும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, மகிழுந்துகள் வாரக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நின்றன. அப்போது எங்கள் வீட்டு வரிசையில் மூன்று கார்களில் ஸ்டீரிங்கிலும் இருக்கை வாரிலும் வெண்பஞ்சு போல் பூஞ்சை பூத்தது. என்னுடையதும் அவற்றுள் ஒன்று. ஈரக் காற்று, கையின் வியர்வைப் பிசுக்கு, இருக்கை இடுக்கில் கிடக்கும் முறுக்குத் துகள் ஆகிய மூன்றும் பூஞ்சைக்கு விருந்து. அதனை உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் காற்றில் பரவும். முகக்கவரி அணிந்து, கதவுகளைத் திறந்து வைத்து, நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, நல்ல வெயிலில் காய வைத்தேன்.

இந்த அனுபவம் 2022-இல் கை கொடுத்தது. ஜொகூர் பாருவில் நடைபெற்ற கதை சொல்லும் போட்டிக்கு மூன்று மாணவர்களை என் காரில் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. இரண்டு நாளுக்கு முன் ஒரு மாணவியின் தாயார் கைப்பேசியில் அழைத்து, “டீச்சர், புள்ளைக்கு இளைப்பு இருக்கு. தூசி, பூஞ்சை வாடை பட்டா மூச்சு வாங்கும். மருந்தைப் பையில வச்சிருக்கேன்” என்றார். அன்று மாலையே காரின் உள்ளே ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். பார்வைக்கு எல்லாம் தூய்மை. ஆனால் இடப்பக்க முன்னிருக்கையில் கால் வைக்கும் விரிப்பைத் தூக்கினால், அடியில் சில்லென்று ஈரம்; மெல்லிய புளித்த வாடை. மழை நீர் என்றே எண்ணினேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். குளிரூட்டியின் கழிவு நீர் வெளியேறும் சிறு குழாயைப் புழுதி அடைத்திருந்தது. வெளியே சொட்ட வேண்டிய நீர் உள்ளே கசிந்திருக்கிறது. குழாயைக் காற்றடித்துத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த காற்று வடிகட்டியை உருவிக் காட்டினார். செம்மண் நிறத்தில் கம்பளம்போல் இருந்தது. எங்களைப் போல் தோட்டப் பாதையில் செல்வோர், கையேட்டில் குறித்த கிலோமீட்டருக்கு முன்னரே அதனை மாற்றியாக வேண்டும்.

வடிகட்டி மாறிற்று. ஆனால் விரிப்புக்கு அடியிலிருந்த தடித்த கம்பளிப் பஞ்சு இரண்டு நாளில் காயுமா? காயாது. வாசனைத் தெளிப்பான் அடித்து வாடையை மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இளைப்பு உள்ள பிள்ளைக்கு அதுவும் ஆகாது. அம்மாணவி சக ஆசிரியர் ஒருவரின் காரில் சென்றாள். மற்ற இரு மாணவர்களும் அவளோடு அதிலேயே ஏறிக்கொண்டார்கள். நான் உணவுப் பொட்டலங்களோடும் பள்ளிக் கொடியோடும் தனியே பின்தொடர்ந்தேன். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஐந்து நிமிடக் கதையை இடையில் ஒருமுறைகூட மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாள். நான் கடைசி வரிசையில் அமர்ந்து கதையைக் கேட்கவில்லை; அவள் தோள்பட்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறுதியாக, முதல் பணியமர்வு பெற்றுப் பழைய கார் தேடும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் மட்டுமே எத்தனையோ மகிழுந்துகள் மூழ்கின. அத்தகைய வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. வெளிப் பளபளப்பில் மயங்க வேண்டாம். இருக்கை வாரை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழியில் சேறு உள்ளதா, இருக்கையின் அடிக் கம்பிகளில் துரு உள்ளதா என்று பாருங்கள். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கண்ணாடிபோல் மின்னிய காரொன்றைக் காட்ட என்னை அழைத்துப் போனார். முன்பணம் அவர் கையில் தயாராக இருந்தது. வாரை இழுத்தோம். அதன் நடுவே பழுப்பு நிறத்தில் நேர்கோடாய்ச் சேற்றுக் கறை. விற்பவர் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. தம்பி இன்றும் மோட்டார் சைக்கிளில்தான் பள்ளிக்கு வருகிறார். வருகின்ற சனிக்கிழமை இன்னொரு காரைப் பார்க்கப் போகிறோம்.