வாசகனுக்குச் செய்யும் மரியாதை

பார்வையற்றவரான என் நண்பர் ஒருவர், தம் கணினியில் ஏதோ கோளாறு என்று சொல்லியனுப்பியதன்பேரில், ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படமோ வர்ணமோ இல்லாத கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் நின்றிருக்க, அவர் அம்புக்குறி விசைகளைத் தடவி அழுத்துந்தோறும் இயந்திரக் குரலொன்று வரிவரியாக வாசித்துக்கொண்டு வந்தது. “இதுவும் உலாவிதானா?” என்று கேட்டேன். “உங்கள் உலாவிக்கெல்லாம் அண்ணன் சார் இது” என்று சிரித்தார்.

லிங்க்ஸ் என்னும் அந்த உலாவி, 1992-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில், வளாகச் செய்திகளை எல்லோருக்கும் எட்டச் செய்யும் பொருட்டு லூ மொண்டுல்லி, மைக்கேல் க்ரோப், சார்லஸ் ரெசாக் ஆகிய மூவர் உருவாக்கியது. மறு ஆண்டே மொசைக் என்ற உலாவி எழுத்துக்கு நடுவே படத்தையும் பதித்துக் காட்டி உலகை மயக்கிவிட்டது. அந்த மொசைக்கும், அதை வீழ்த்திய நெட்ஸ்கேப்பும் அஸ்தமித்துப்போன பின்பும், அலங்காரம் அறியாத லிங்க்ஸ், தாமஸ் டிக்கி போன்றோரின் சிரத்தையால் ஜீவித்து வருகிறது.

அதன் சுபாவத்தில் என்னை வசீகரித்தது ஒன்று உண்டு. மொண்டுல்லி நெட்ஸ்கேப் நிறுவனத்துக்குப் போய், வந்தவர் இன்னார் என்று தளங்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்காக 1994-இல் ‘குக்கி’ என்ற சிறு குறிப்பை ஏற்படுத்தினார். நாளடைவில் விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடர்வதற்கும் அதுவே உபகரணமாயிற்று. அவர் கைபட்டு வளர்ந்த லிங்க்ஸோ, ஒரு தளம் குக்கியை நீட்டும்போது, ஏற்கலாமா, வேண்டாமா, எப்போதும் ஏற்கலாமா, ஒருபோதும் கூடாதா என்று திரையின் அடியில் விநயமாகக் கேட்டுவிட்டு, நாம் ஓர் எழுத்தை அழுத்தும்வரை காத்து நிற்கிறது.

இனி, நண்பர் சொன்ன கோளாறுக்கு வருகிறேன். ஒரு கல்வி நிலையத்தின் சேர்க்கை அறிவிப்பைத் திறந்தபோது, தலைப்பை வாசித்த குரல், அடுத்து “ஐ.எம்.ஜி. நான்கு ஐந்து ஆறு ஒன்று” என்று ஒரு கோப்பின் பெயரை ஒப்பித்துவிட்டு மௌனமாகிவிட்டது. என் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசி நாள், கட்டணம், வேண்டிய சான்றிதழ்கள் ஆகிய சகல விவரங்களையும் ஒரே படமாக்கி, பூங்கொத்துக் கரையிட்டு, அழகாக ஒட்டிவைத்திருந்தார்கள். அவருடைய கணினியில் பழுது ஏதும் இல்லை. கண்ணுள்ளவன் மட்டுமே வாசகன் என்று எண்ணிய மனத்தில்தான் பழுது இருந்தது. படத்தைக் காண இயலாதவருக்காக அதன் பொருளை எழுத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதை, 1997-இல் வந்த எச்.டி.எம்.எல். 4.0 விதிகளே கட்டாயமாக்கிவிட்டன. அன்று மாலை அந்த அறிவிப்பை நானே உரக்க வாசித்தேன். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

எழுத்தை மட்டும் காட்டும் உலாவியில் பார்க்கும்போது, ஒரு பக்கத்தில் சரக்கு எவ்வளவு, ஜோடனை எவ்வளவு என்பது சந்தேகமறத் தெரிந்துவிடுகிறது. இணையப் பக்கம் அமைக்கும் அன்பர்களுக்கு என் பிரார்த்தனை ஒன்றே: படம் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, அதில் உள்ளதை எழுத்திலும் எழுதிவிடுங்கள்.