மரையும் பிரியும்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் டேப்பட்டைச் சரிசெய்வதற்கு அளவுக் கருவி எதுவும் வேண்டியதில்லை என்று நான் தெரிந்துகொண்ட நாளில், அதுவரை அந்த யந்திரத்தின் மீது வெறும் மரியாதையாக இருந்தது பிரியமாக மாறிவிட்டது. இரவெல்லாம் நின்று எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தி, வால்வு இரண்டும் மூடிப் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்படி செய்து, வலது பக்கத்தில் ஒற்றை நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும் சிறிய மூடியை எடுத்தால், உள்ளே இரண்டு தண்டுகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல அடுத்தடுத்து நிற்கும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொன்றையும் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசையக் கூடாது. சாஸ்திரம் இவ்வளவுதான். நாடி பார்க்கிற வைத்தியர் எந்த எண்ணையும் எதிர்பார்த்து மணிக்கட்டைத் தொடுவதில்லை; இங்கும் விரல் நுனி என்ன சொல்கிறதோ அதுவே தீர்ப்பு.

ஆனால் நான் சொல்ல வந்தது டேப்பட்டைப் பற்றியன்று. அந்த மூடியை இறுக்கும் ஒற்றை நட்டைப் பற்றி.

என் வண்டி 1978-ஆம் ஆண்டு பிறந்தது. எனக்கு முன் குறைந்தது மூன்று பேருடைய கைகளில் வளர்ந்தது. திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய பனியன் துணியும், திருப்புளியும், மண்ணெண்ணெய்க் கிண்ணமுமாக நான் அதனருகில் உட்கார்ந்திருப்பதை, பூஜைக்குப் பூப்பறிக்கப் போகும் அண்டை வீட்டார் ஒருவித அனுதாபத்துடன் பார்த்துக்கொண்டு போவார்கள். கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்துத்தான் யந்திர வித்தையில் புகுந்தார் என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். நான் கழற்றி மாட்டினால் முடிவில் ஒரு வாஷர் மிஞ்சுகிறது என்பதை அவர்களும் கவனித்திருக்கக் கூடும்.

சென்ற ஐப்பசியில் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்று வண்டியையும் என்னையும் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்து, தோற்று, பிறகு தக்கலை மழையிடம் எங்களை ஒப்படைத்தது. நேமம் தாண்டி வீட்டு வாசலில் இறங்கியபோது வலது கால் செருப்பு வழுக்கியது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன்; எஞ்சின் ஆயில். அந்தச் சிறு மூடியின் ஓரத்தில் கசிவு. மறுநாள் ஸ்பானரை எடுத்து நட்டைக் கொஞ்சம் இறுக்கினேன். கசிந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இந்த இடத்தில் புத்திசாலிகள் நிறுத்தியிருப்பார்கள். ஸ்பானர் வழியாகக் கைக்கு வந்துகொண்டிருந்த எதிர்ப்பு சட்டென்று விலகி, வாதத்தில் எதிராளி திடீரென்று நம் கட்சிக்கு வந்துவிட்டது போல, நட்டு எந்தப் பிடிவாதமும் இல்லாமல் சும்மா சுற்ற ஆரம்பித்தது.

கிள்ளிப்பாலத்துக்கருகில் எனக்கு ஓர் ஆசான் உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன் நிறுத்தினேன். அவர் குனிந்து, நட்டை இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மரணச் செய்தி சொல்பவரின் தணிந்த குரலில், “பிரி போயி, சாரே” என்றார்.

நாம் மரை என்கிறோம். மலையாளிகள் பிரி என்கிறார்கள். புத்தி தடுமாறியவனை நாம் மரை கழன்றவன் என்றால், அவர்கள் அவனுக்குப் பிரி இளகிவிட்டது என்கிறார்கள். இங்கிலீஷ்காரனும் இதே நோய்க்கு இதே உறுப்பைத்தான் குற்றம் சொல்கிறான். திருகாணி கண்டுபிடிப்பதற்கு முன்பு பைத்தியங்களை உலகம் என்னவென்று அழைத்ததோ! இந்த ‘பிரி’ என்ன சொல் என்று ஆசானின் பட்டறையில் ஆயில் டின்மேல் உட்கார்ந்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். ‘பிரிதல்’ அன்று. பிரிந்து போகிற பொருளுக்குப் பிரியென்று பேர் வைப்பது வேடிக்கைதான் என்றாலும், விஷயம் அதுவன்று. எதிரே சுவரில் தொங்கிய காலண்டரில் ஸ்ரீ பத்மநாபன் படமும், அதன்கீழ் ஒரு சங்கும் இருந்தன. வலம்புரிச் சங்கை மலையாளத்தில் வலம்பிரிச் சங்கு என்பார்கள். அப்படியானால் பிரி என்பது நம்முடைய புரியேதான்; கயிற்றின் முறுக்கு, பூணூலின் முப்புரி, சங்கின் சுழி எல்லாம் அதிலடக்கம். திருகாணி என்பது இரும்பாலான வலம்புரிச் சங்கு. பழைய திருவிதாங்கூர்க் கொடியிலே சிவப்புத் துணியின் நடுவில் வெள்ளிச் சங்கு ஒன்று உண்டு. ஒரு ராஜ்யம் முழுவதும் மரையைத் தன் முத்திரையாக வைத்துக்கொண்டு ஆண்டிருக்கிறது என்று தோன்றியதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை ஆசானுடன் பகிர்ந்துகொள்ள முயன்றேன். அவர், “நட்டு சாலையில் கிட்டும்” என்று மட்டும் சொன்னார்.

நாம் வலம்புரி என்று கொண்டாடும் அந்த அபூர்வச் சங்கை உயிரியல் சாஸ்திரிகள் இடச்சுழி என்று வகுத்திருக்கிறார்கள். அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள்; நாம் அதைக் கீழே வைத்துப் பார்க்கிறோம். வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது பிடிக்கிற கையைப் பொறுத்திருக்கிறது. நம்முடைய ‘மரை’ எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. புறநானூற்றில் நெல்லிக்காய் தின்னும் ஒரு விலங்குக்கும் மரை என்றுதான் பெயர். காட்டு விலங்குகளில் சிலவற்றின் கொம்பு முறுக்கிக்கொண்டு வளர்வதைப் பார்த்தவன் எவனோ, அந்த ஞாபகத்தில் இந்தப் பெயரை இட்டிருப்பானோ என்பதே அது. பண்டிதர்கள் இதை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஒப்புக்கொள்ளச் சொல்லி நானும் கேட்கப் போவதில்லை.

சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாசர். அங்கே கடை வைத்திருந்துகொண்டே அதன் மனிதர்களைத் தமிழ்க் கதைகளில் நடமாட விட்டவர் ஆ. மாதவன். அவருடைய கதைகளில் இடம்பெற்றிருக்க வேண்டிய ஒரு பெரியவர் அதன் கிளைச்சந்து ஒன்றில் நட்டும் போல்டும் நிறுத்து விற்றுக்கொண்டிருந்தார். பூர்வீகம் கோட்டாறு. வயது எண்பதுக்குக் குறையாது. நான் நீட்டிய நட்டையும், ஆசான் பிடுங்கிக் கொடுத்திருந்த ஸ்டட்டையும் வாங்கினார். கண்ணாடியைப் போடவில்லை. ஸ்டட்டின் மரையில் கட்டைவிரல் நகத்தை வைத்து, வீணைத் தந்தியை வருடுவது போல ஒரு முறை மேலிருந்து கீழே இழுத்தார்.

“தம்பி, நட்டு இங்கிலீஷாக்கும். இந்த ஸ்டட்டு மில்லிமீட்டர்.”

“ரெண்டும் இத்தனை நாள் சேர்ந்துதானே இருந்தது, அண்ணாச்சி?”

“சேந்திருக்கும். பிடிச்சிருக்காது.”

பிறகு, தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அதிலிருந்து கறுத்துப்போன ஒரு போல்டைப் பொறுக்கியெடுத்து, அதன் மரையையும் என் ஸ்டட்டின் மரையையும் பக்கவாட்டில் பல்லோடு பல் பொருந்தும்படி சேர்த்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். “பாருங்க.” குனிந்து பார்த்தேன். முதல் நாலைந்து பற்கள் ஒன்றோடொன்று சந்தேகத்துக்கிடமில்லாமல் கவிந்திருந்தன. அதற்கப்புறம் மயிரிழை போல ஒரு வெளிச்சம். பன்னிரண்டாவது பல்லுக்குப் போவதற்குள் அந்த இழை அகன்று, பிறைக் கீற்றாகி, இரண்டு போல்டும் இரண்டு வேறு வழிகளில் போய்க்கொண்டிருந்தது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள், பெரியவர் அவசரப்படுத்தவில்லை.

கணக்கு வீட்டுக்கு வந்த பிறகு போட்டேன். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், பழைய சைக்கிள் மரையில் அங்குலத்துக்கு 26 சுற்று, அதாவது சுற்றுக்குச் சுற்று தூரம் சுமார் 0.98 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் ஸ்டட்டில் அந்தத் தூரம் 1 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதிலொரு பங்குகூட இல்லை. எனக்கு முந்தைய சொந்தக்காரர்களில் ஒருவருடைய காலத்தில் யாரோ ஒரு மேஸ்திரி, கிடைத்ததை மாட்டி அனுப்பியிருக்கிறார். ஸ்டட்டு சற்றே மெலிந்திருந்தபடியால் நட்டு தடையில்லாமல் ஏறியிருக்கிறது. ஏறுகிறதே என்று அவரும் திருப்திப்பட்டிருக்கிறார். நுனிப் பற்களை மட்டும் பற்றிக்கொண்டு அது இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறது. முழுக்கப் பொருந்தாத நட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்து தூக்கி எறிந்திருப்பார்கள்.

இந்த 26-க்கும் ஒரு வம்சாவளி உண்டு. ஒவ்வொரு பட்டறைக்காரனும் தன் இஷ்டப்படி மரை வெட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டிச் சராசரி பார்த்து, 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரையை 1841-ல் முன்மொழிந்தார். அது கனத்த யந்திரங்களுக்குச் சரி. சைக்கிளின் மெல்லிய குழாய்களுக்கு அத்தனை ஆழமான மரை ஆகாது என்று சைக்கிள்காரர்கள் நெருக்கமான மரையைத் தங்களுக்கென்று தனியே வகுத்துக்கொண்டார்கள். புல்லட்டின் பிறந்த வீடான ரெடிச் ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். ஊசி செய்த கம்பெனி சைக்கிள் செய்து, 1901-ல் மோட்டார் சைக்கிளும் செய்தபோது, சைக்கிளின் மரையும் கூடவே வந்தது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் கூட்டுறவில் என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியபோது அதுவும் கப்பலேறி வந்து சேர்ந்தது. வந்த மறுவருஷமே இங்கே அளவுகள் மாறின. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அதே வருஷம் டிசம்பரில் மெட்ரிக் அளவுச் சட்டம் பிறந்தது. தேசத்தின் எல்லைகளையும் திருகாணிகளையும் ஒரே குளிர்காலத்தில் திருத்தியிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு உத்தியோகம் பார்க்க வந்த புதிதில், மலையாளம் தனியாகக் கற்கத் தேவையில்லை, தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசினால் போதும் என்று எனக்கொரு பிரமை இருந்தது. முதலில் இரண்டு சுற்று நன்றாகத்தான் ஏறியது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் பத்திரிகையில் நான் வாசித்த முதல் தலைப்பு ‘தொழிலவசரங்கள்’. யாருக்கோ வேலைக்கு ஆள் அவசரமாகத் தேவைப்படுகிறது போலும் என்று எண்ணி, அந்த அர்த்தத்தோடு பல மாதங்கள் சௌகரியமாக வாழ்ந்தேன். அவசரம் என்றால் அவர்களுக்கு வாய்ப்பு. இது தெரிந்ததால் எனக்கு நஷ்டமொன்றுமில்லை. என் தாயார் பாளையங்கோட்டையிலிருந்து வந்தபோது நடந்தது வேறு. நான் அப்போது பிரமசாரி. பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் நின்று, “மோன் அதிகம் சம்சாரிக்கில்ல” என்று அன்போடு குறைப்பட்டிருக்கிறாள். பையன் அதிகம் பேசுவதில்லை என்பதே பாவம் அவள் சொன்னது. என் தாயார் இரவு சாப்பிடவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய் ஜாதகக் கட்டை எடுத்தவள், எட்டாவது மாதத்தில் எனக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். தெலுங்கு தேசத்துக்கு வேலைக்குப் போயிருந்தேனானால் இந்த விபத்து நேர்ந்திராது. அங்கே ஒன்றும் புரியாதென்று முதல் நாளே தெரிந்து, ஒழுங்காகப் படித்திருப்பேன்.

பெரியவர் தகர டப்பாவை இன்னொரு தரம் துழாவி, கால் அங்குல ஸ்டட்டு ஒன்றும், அதற்கேற்ற நட்டு ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். இரண்டுக்குமாகப் பத்து ரூபாய். வீட்டுக்கு வந்து, பழைய ஆயிலைத் துடைத்து, புதிய பேக்கிங் வைத்து, ஸ்டட்டைக் கையாலேயே திருகினேன். ஆட்டமில்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு தயக்கத்தோடு உள்ளே இறங்கியது. நட்டை ஸ்பானரால் கால் சுற்றுக்கு மேல் இறுக்கவில்லை. அதற்குப் பின் பொன்முடிக்கு, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய்வந்தேன். செருப்பு உலர்ந்தே இருக்கிறது.

அந்த டப்பாவில் இருந்த கடைசி நட்டு அதுதான் என்று பெரியவர் சொல்லியிருந்தார். என் கையைப் பற்றி எனக்குத் தெரியுமாதலால், ஒன்று உபரியாக இருந்தால் நிம்மதி. வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது, தாத்தா காலத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்த நட்டும் போல்டும் இருக்குமானால், காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்: கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. 6 மில்லிமீட்டர் போல்டு ஒன்றைப் போட்டுத் திருகி, சரியாக இருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.