அண்ணன் கை

பணி ஓய்வுக்குப் பிறகு வேதாகமத்தை ஆறு முறை முழுதாக வாசித்துவிட்டேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தேயு 5-ஆம் அதிகாரமும் நடத்தினேன்; காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன பகுதி. ஆனால் என் சொந்த அண்ணனோடு 11 வருடம் பேச்சில்லை. அப்பா வீட்டுச் சுவர்ப் பிரச்சினை.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் 1950-இல் வந்த நற்கருணை ஆராதனை முறையிலேயே, சமாதானத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அது அண்ணன் கையிலிருந்து எனக்கு வந்துவிடக் கூடாதென்றே தள்ளி உட்காருவேன்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு கோயிலுக்குப் பிந்திப் போனேன். அண்ணன் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அவர் நீட்டிய கைகளைப் பிடித்தேன். அவை நடுங்கின. நடுக்க நோயாம், மூன்று வருடமாம். மதினி பிறகு சொன்னார்கள். ஒரே கோயிலில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். “வாடே, காப்பி குடி” என்றார். சுவரைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கிறிஸ்துவைப்போல் மாறுவதை, வாசித்த அதிகாரங்களை வைத்து அளந்துகொண்டிருந்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் போய் அண்ணனுக்குச் சவரம் செய்துவிடுகிறேன். முன்கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் ஞாயிறு ஆராதனையில் அவர் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.