எப்ப மூடுறது?

ரம்மியில் கை சரியில்லைன்னா 20 பாயிண்ட் போனால் போகட்டும்னு ஸ்கூட் விடத் தெரிந்த எனக்கு, செவன் கார்டு ஸ்டட்டில் சீட்டை மூட மனசே வராது. (தீக்குச்சி வைத்துத்தான் ஆடுவோம். குச்சி தீர்ந்தவன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கணும்.)

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: முதலில் ஆளுக்கு மூன்று சீட்டு. இரண்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. அப்புறம் மூன்று திறந்தவை, கடைசி ஒன்று கவிழ்த்து. சுற்றுக்குச் சுற்று பந்தயம்.

அன்று எனக்கு முதல் மூன்றும் ஸ்பேடு. ஒரே ஜாதியில் ஐந்து சேர்ந்தால் ஃப்ளஷ். 13-இல் 3 போக 10 இருக்கேன்னு குஷி. எதிரே ஐந்து பேர் திறந்து வைத்ததில் மூன்று ஸ்பேடு இருந்ததைக் கவனிக்கவே இல்லை. மிச்சம் 7தான், அதிலும் எத்தனை அவர்கள் கவிழ்த்த சீட்டில் இருந்ததோ! நாலாவது டைமண்ட். அப்பவே மூடியிருக்கணும். "எட்டு குச்சி போட்டாச்சே" என்று உட்கார்ந்தேன். போட்டது இனிமேல் என் குச்சி இல்லைன்னு அப்போ உறைக்கவில்லை. ஆறாவதில் ஸ்பேடு வந்தது, அதுதான் வினையே. ஏழாவது ஆர்ட்டின். பரோட்டா என் செலவு.

இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது அடுத்தவன் சீட்டைத்தான். மூடினவன் சீட்டைக் கவிழ்த்துவிடுவான், அதையும் ஞாபகம் வைக்கணும். நேற்று உள்ளே இரண்டு ஜாக். மற்ற இரண்டு ஜாக்கும் எதிரே திறந்து கிடந்தன, ராஜா வைத்திருந்தவன் வேறு ஏற்றினான். மூடிட்டேன். ஆட்டம் முடிந்ததும், எனக்கு என்ன வந்திருக்கும்னு பார்க்கக் கட்டை எடுக்கப் போனேன்.

அதற்குள் கலைத்துவிட்டார்கள்.