உள்ளேன் ஐயா

மார்கழியில் சென்னைக்கு வருகிறவனுக்குப் பாட்டு, சித்திரையில் வருகிறவனுக்கு வியர்வை என்பார் திருவல்லிக்கேணியில் இருக்கும் எங்கள் மைத்துனர். இருபது வருடமாக நாங்கள் சித்திரையில்தான் போகிறோம். கல்லூரி ஆசிரியர்களுக்கு வேறு வழியில்லை. விடைத்தாள் திருத்தி முடித்து, பரங்கிப்பேட்டை வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, சிதம்பரத்தில் பிற்பகல் சோழன் விரைவு வண்டியைப் பிடித்தால், அக்கினி நட்சத்திரம் தொடங்குகிற அதே வாரத்தில் எழும்பூரில் இறங்குவோம். சபாக்களின் பெருவிழாக் காலம் அதற்குள் முடிந்து நான்கு மாதம் ஆகியிருக்கும். எனினும் கோடையில் சென்னை கலையற்றுக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நாங்கள் சண்டைக்குப் போவோம். இங்கே எழுத நினைத்தது 2018ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றி. அதை எழுதத் தொடங்கினால் அது சென்னையோடு நிற்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு எங்கள் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். சென்னையில் என்ன பார்க்கலாம் என்று அவளே ஒரு தாளில் பட்டியல் எழுதி எடுத்து வந்தாள். முதலில் இருந்தது எழும்பூர் அருங்காட்சியகம். போனோம், பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பது இத்தனை வருடம் போய்வந்த எங்களுக்கே மறந்துவிட்டிருந்தது. மறுநாள் மீண்டும் போனோம்.

1851இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் வளாகத்தில் நாளெல்லாம் கழிக்கலாம். அமராவதிச் சிற்பங்களுக்கே ஒரு காலைப்பொழுது தேவை. நாங்கள் எப்போதும் செப்புத் திருமேனிகளின் பக்கமே நேராகப் போய்விடுவோம். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கூட்டம் நிற்கும், நிற்க வேண்டியதுதான். எங்களை நிறுத்துவது திருவெண்காட்டு அர்த்தநாரி. ஒரு பக்கம் இடுப்பு ஒடிய, மறுபக்கம் நிமிர, ஒரே உடம்பில் இரண்டு விதமான நிற்றல். வார்த்தவன் எந்த இடத்தில் ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்கினான் என்று தேடிக்கொண்டே இருக்கலாம், அகப்படாது. திருவெண்காடு எங்களுக்குத் தொலைவில்லை. சீர்காழிக்குக் கிழக்கே, இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம். எங்கள் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த திருமேனியைக் காண நாங்கள் ரயிலேறி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டியிருக்கிறது. "அப்போ நம்மூர்ல இருக்கறதைப் பார்க்கத்தான் மெட்ராஸ் வர்றோமா?" என்று கேட்டாள் மகள். சிரித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனோம்.

மாலைகளில் நாடகம். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவை அறியாத இலக்கிய வாசகர்கள் பலர் உண்டு. அறிந்தும் முகம் சுளிப்பவர்கள் அதைவிடப் பலர். புதிய நாடகங்களை முதன்முதலாக மேடையேற்றுவதே அவ்விழாவின் வழக்கம். ஒரு சோபா, ஒரு கதவு, ஓயாமல் அடிக்கும் தொலைபேசி, அமெரிக்காவில் மகன் என்று ஏறக்குறைய எல்லா நாடகங்களும் ஒரே வீட்டுக்குள் நடக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் 'தண்ணீர் தண்ணீர்' முதலில் கோமல் சுவாமிநாதன் மேடையேற்றிய நாடகம், அது திரைப்படமானது 1981இல் என்பதை மறந்துவிட்டுச் சபா நாடகத்தை ஒரேயடியாகத் தள்ளுவது நியாயமாகாது. நாங்கள் பார்த்த அன்று ஒரு நடிகருக்கு வசனம் மறந்தது. முன்வரிசை முதியவர் ஒருவர், அடுத்து என்ன வரும் என்று ஊகித்து, உரக்கவே எடுத்துக் கொடுத்தார். அது சரியாகவும் இருந்தது. அரங்கம் முழுவதும் கைதட்டியது. வசனத்தை முன்கூட்டியே ஊகிக்க முடிவது நாடகத்துக்குப் பெருமையா என்று திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குள் விவாதம்.

சோழமண்டலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகளை விற்ற பணத்தில் நிலம் வாங்கி 1966இல் உருவாக்கிய ஓவியர் கிராமம். 2009 முதல் அங்கே சென்னை இயக்க ஓவியங்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. மதிய வெயிலில் போனோம். எங்களைத் தவிர ஆள் இல்லை. ஓவியம் பார்க்க அதைவிட நல்ல சூழல் கிடையாது.

திருவல்லிக்கேணியிலோ கூட்டத்துக்குக் குறைவில்லை. சித்திரைப் பிரம்மோற்சவம். பாரதப் போரில் பார்த்தனுக்குத் தேரோட்டி, பீஷ்மரின் அம்புகளை முகத்தில் வாங்கியவர் என்பதால் உற்சவரின் திருமுகத்தில் தழும்புகள். மூலவருக்கு மீசை. நெருக்கமான அந்தத் தெருவில், பிரபந்த கோஷ்டிக்கும் வண்டிகளின் ஒலிப்பானுக்கும் நடுவே, தழும்பேறிய முகத்தோடு அவர் வீதியுலா வருவதைப் பார்க்கையில், நகரம் நடுவிலும் சித்திரை என்றால் பாரதம்தான் போலும் என்று தோன்றியது. எங்கள் கடலூர் மாவட்டத்திலும் அதே சமயம்தான் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கத் தொடங்குவார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும். அறுவடை முடிந்த காலம், நிலத்தில் வேலையில்லை, இரவுகளில் விழித்திருக்கலாம்.

மகளின் பட்டியலில் கடைசியாக இருந்தது தெருக்கூத்து. ஒரு திறந்தவெளி அரங்கில் கர்ண மோட்சம் என்று செய்தித்தாளில் பார்த்திருந்தாள். சென்னையில் கூத்துப் பார்ப்பது நகைப்புக்குரியதல்ல. எங்கள் காவிரிப் பக்கத்துப் புஞ்சையிலிருந்து போன ந. முத்துசாமி, புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டத்தை 1970களில் சென்னையில் பார்த்த பிறகே கூத்தின் பக்கம் முழுதாகத் திரும்பினார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்ததற்கு அந்த ஓர் இரவுக்கும் பங்குண்டு. நாங்கள் பார்த்தது ஒன்றரை மணி நேரம். திரைக்கு மேலே கிரீடம் தெரிந்ததும் எங்கள் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போருக்குப் புறப்படும் கர்ணனைப் பொன்னுருவி தடுக்கும் இடத்தில் அருகிலிருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டரை மணிக்கு நன்றியுரை.

ஆட்டம் முடிந்ததும் மகள் ஒப்பனை அறைப் பக்கம் இழுத்துப் போனாள். ஆர்மோனியக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னோம். என்ன வேலை என்று கேட்டார், அதையும் சொன்னோம்.

"நமக்குப் பண்ணுட்டிப் பக்கம்ங்க. எங்க ஜமாவுல ஒரு புள்ள இருக்கான், உங்க மாதிரி காலேஜுலதான் தமிழ் படிச்சான். பாதியில நிறுத்திட்டாங்க. இப்ப கட்டியங்காரன் கட்டறான். அவன் வாயத் தொறந்தா சனம் தூங்காது" என்றார்.

பெயர் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவன் எங்கள் மாணவன்தான். 2013இல் இளங்கலை இரண்டாம் ஆண்டு. அப்போது நாங்கள் நடத்தியது வில்லிபாரதம், சூதுபோர்ச் சருக்கம். ஒரு நாள் விருத்தம் ஒன்றை வாசிக்கச் சொன்னபோது, அவன் புத்தகத்தைத் திறக்காமலே எழுந்து நின்று பாடினான். அடுத்ததையும் பாடினான். மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை. ஊரில் பாரதப் பிரசங்கியாருக்குப் பின்பாட்டுப் பாடி வளர்ந்த பிள்ளை. அப்பாவும் தாத்தாவும் வேடம் கட்டியவர்கள். பங்குனி பிறந்தால் வகுப்புக்கு வரமாட்டான். வந்தாலும் பின்வரிசையில் தூங்குவான். காதோரத்தில் அரிதாரம் மிச்சமிருக்கும். எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது என்பது விதி. அவனுக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. சிறிது குறைந்தால் கட்டணம் கட்டிச் சரிசெய்யலாம். அவ்வளவு குறைந்தால் ஆண்டைத் திரும்பப் படிக்க வேண்டும். பட்டியலைத் துறையில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். மறுக்கக் காரணம் இருந்ததாக அன்று தோன்றவில்லை. கலைக்காகப் பங்கேற்பவர்களுக்கு வருகைச் சலுகை உண்டா என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். பல்கலைக்கழகக் கலைவிழாவில் மேற்கத்திய நடனம் ஆடிய பிள்ளைகளுக்கு அதே ஆண்டு அப்படிச் சலுகை கொடுத்தோம். திரௌபதி அம்மன் கோயில் களரி கலைவிழா என்று எங்கள் கணக்கில் வரவில்லை. ஆனி பிறந்தபோது அவன் திரும்பி வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், வைகாசியில், ஆர்மோனியக்காரர் சொன்ன ஊருக்குப் போனோம். பண்ருட்டிக்கு மேற்கே முந்திரிக் காடுகளுக்கு நடுவில் சிற்றூர். பலாப்பழ வாசனை தெருவெல்லாம். இரவு பத்து மணிக்கு மேல் மத்தளமும் முகவீணையும் எழுந்தன. துகிலுரிதல் என்றார்கள். எங்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். மகள் முன்னால் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு கட்டியங்காரன் குதித்து வந்தான். அவன்தான். கூம்புக் குல்லாயும் வெள்ளைப் புள்ளிகளும் அவனை மறைக்கவில்லை. ஊர் நாட்டாண்மையைக் கிண்டல் செய்தான். குடிநீர்க் குழாயைக் கிண்டல் செய்தான். துரியோதன மகாராசா சபைக்கு வரும் நேரம். கட்டியம் கூற வேண்டிய இடத்தில் நின்று, மடியிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தான்.

"ராசா வர்றதுக்கு முன்னால அட்டெண்டன்ஸ் எடுக்கணும். எழுபத்தஞ்சுக்குக் கொறஞ்சவன் எவனாயிருந்தாலும் வெளிய போ! பீஷ்மாச்சாரியார்?"

"உள்ளேன் ஐயா" என்றார் ஆர்மோனியக்காரர்.

"துரோணாச்சாரியார்?"

"உள்ளேன் ஐயா."

"கிருபாச்சாரியார்?"

"உள்ளேன் ஐயா."

"ஆச்சாரியாருங்க அத்தினி பேரும் உள்ள இருக்காங்க. நூத்துக்கு நூறு. உள்ள குந்திக்கினு என்னத்தக் கிழிக்கப் போறாங்கன்னு விடியறதுக்குள்ள பாருங்க சனங்களே!"

சனங்கள் சிரித்தார்கள். எங்களைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பாயே ஆடியது. அதன் பிறகு நடந்ததை விவரிக்கப் போவதில்லை. சபையில் ஆசிரியர்கள் வாய்மூடி இருந்த அந்தக் காட்சியை இருபது வருடமாக வகுப்பில் நடத்தியிருக்கிறோம். பீஷ்மர் சொன்ன தர்மத்தின் நுட்பத்துக்கு ஐந்து மதிப்பெண் வினாவும் கேட்டிருக்கிறோம். துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சென்னையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்மணியை ஒரு கணம் நினைத்தோம். அவர் அழுதது பொய்யல்ல. ஆனால் இங்கே யாரும் அழவில்லை, கைகூப்பி நின்றார்கள்.

விடிந்ததும் அவனே எங்களைத் தேடி வந்தான். தேங்காயெண்ணெய் தடவிப் பாதி முகத்தைத் துடைத்திருந்தான்.

"ஐயா, அம்மா, எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா நாற்காலி போடச் சொல்லியிருப்பேனே."

நாங்கள் இருப்பது தெரிந்துதான் அந்த வருகைப் பதிவை எடுத்தாயா என்று கேட்டே விட்டோம். அவன் உண்மையாகவே திகைத்தான்.

"ஐயோ, இல்லீங்க ஐயா. அது எல்லா ஊர்லயும் சொல்றதுதான். நாலு வருஷமா சொல்றேன். சனங்களுக்குப் பிடிச்சிருக்கு."

எங்களை நோக்கிச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். நாலு வருடம், எத்தனை ஊர், எத்தனை இரவு! பட்டப்படிப்பை அஞ்சல்வழியிலாவது முடிக்கலாமே, கட்டணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னோம். வைகாசியில் இருபத்திரண்டு ராத்திரி ஒப்புக்கொண்டிருக்கிறது, ஆடியும் இருக்கிறது, அதற்கப்புறம் பார்ப்போம் ஐயா என்றான். மரியாதைக்காகச் சொன்னது என்பது எங்களுக்கும் தெரிந்தது. மகளைப் பார்த்து, "பாப்பா தூங்காம பாத்துதுங்க, கவனிச்சேன்" என்றான்.

இப்போதும் மே மாதம் சென்னைக்குப் போகிறோம். நாடக விழா, அர்த்தநாரி, திருவல்லிக்கேணித் தேர், எதையும் விட்டுவிடவில்லை. விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. வைகாசி பிறப்பதற்குள் திரும்பும்படி பயணச்சீட்டு எடுக்கிறோம் என்பது மட்டும்தான் மாற்றம். மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அந்த ஒரு வாரம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

அன்று காலை பேருந்துக்கு நின்றபோது அவன் ஓடி வந்தான். கையில் ஒரு பலாப்பழமும் மஞ்சள் பையும். பைக்குள் துறை நூலகத்தின் வில்லிபாரதம், சபாபருவம், உரையோடு. அட்டை போய், ஓரமெல்லாம் அரிதாரக் கறை. "கொடுக்காமலே வந்துட்டேன் ஐயா. நோ டியூஸ் வாங்கப் போனா இதைக் கேப்பாங்கன்னு பயந்துதான் டி.சி.கூட வாங்கல" என்றான். பலாப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம். கல்லூரி திறந்ததும் நூலகப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேரே 'தொலைந்தது' என்று எழுதி, எங்கள் பெயரில் விலையைக் கட்டினோம்.