கீழ்த்தட்டு வீடு

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒருவர் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார் என்றால், பெரியவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, "மாரியில் தண்ணீர் ஏறுமா?" என்பதுதான். வாடகை எவ்வளவு, கிணறு எப்படி என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே. 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஹூஸ்டன் மாநகரிலிருந்து, "வீடு கிடைத்துவிட்டது அம்மா" என்று நான் தொலைபேசியிற் சொன்னபோது, அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

"தண்ணி ஏறுற இடமா மகள்?"

நான் சிரித்துவிட்டேன். "இது அமெரிக்கா அம்மா" என்றேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேற்படிப்புக்காக அந்நாட்டுக்குச் செல்லும் எம்மவர் பிள்ளைகள் இப்பொழுது அதிகம். அவர்களுக்கும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்றெண்ணியே இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு அங்குள்ள ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இடம் கிடைத்திருந்தது. கையில் இரண்டு பெட்டிகளோடு போய் இறங்கிய நாங்கள், ஒன்பது நாட்களாக வீடு தேடி அலைந்தோம். குடிசனத் தொகையில் அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம் அது. அந்நாட்டின் பெருநகரங்களுள், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் வலயச் சட்டம் இல்லாத நகரமும் அதுவே. 1948, 1962, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளில் வாக்கெடுப்பு நடத்தியும் நகரத்தார் அச்சட்டத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். ஆகவே ஒரு தேவாலயம், அதற்கடுத்து மோட்டார் வண்டிச் சில்லு பழுதுபார்க்கும் கடை, அதற்கடுத்து நூறு குடும்பங்கள் வாழும் தொடர்மாடி என்று எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும்.

வாடகைக்கு விடும் கந்தோர்களில் எங்கள் ஊர், சமயம் எதையும் எவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்த சரித்திரம் உண்டா? எங்கள் வாழ்நாளில் எவரிடமும் கடன்பட்டதில்லை என்று என் கணவர் பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமைக்காக இரு மடங்கு வைப்புப் பணம் கேட்டார்கள்.

இறுதியாக, நகரின் தென்மேற்கில், பிரேஸ் பயூ என்னும் ஓடைக்கு அண்மையில் ஓர் இடம் அமைந்தது. பயூ என்பது மெதுவாக ஓடும் நீரோடை. கோடையிற் பார்த்தால், சீமெந்துக் கரைகளுக்கு நடுவே ஆடு கடக்கக்கூடிய அளவு தண்ணீர்தான் இருக்கும். கீழ்த்தட்டில் ஓர் அறை, ஒரு குசினி, ஒரு கூடம். மாதம் 790 டொலர். மேல்மாடி வீடுகளிலும் பார்க்க 40 டொலர் குறைவு. சுவரெல்லாம் புது வர்ணம்; தரையெங்கும் புதுக் கம்பளம். "போன வருடம் முழுவதையும் புதிதாக்கினோம்" என்றாள் கந்தோர்ப் பெண். ஏன் புதிதாக்கினீர்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. நாற்பது பக்கத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தில் காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டோம்.

மறுவருடம் ஏப்ரலில் எங்கள் மகள் பிறந்தாள். எங்கள் கூடத்துக்கு நேர் மேலே எல் சல்வடோர் நாட்டு மூதாட்டி ஒருவர் தன் மகனோடு வாழ்ந்தார். அவருக்கு ஸ்பானிய மொழியன்றி வேறு தெரியாது. எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் குழந்தையைப் பார்க்க அடிக்கடி வருவார். ஜூன் மாதத்தில் ஒருநாள், வந்தவர் குழந்தையின் தொட்டிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தன் முழங்கால் உயரத்தில் சுவரிற் கையை வைத்து, "அகுவா, அகுவா" என்றார். அச்சொல்லுக்குத் தண்ணீர் என்று பொருள் என்பதை மட்டும் கடைப் போத்தல்களைப் பார்த்து அறிந்திருந்தேன். வெயிலில் வந்தவருக்குத் தாகம் போலும் என்றெண்ணி, குளிர்ந்த தண்ணீர் ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் சொல்ல முயன்றது 2015ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளத்தைப் பற்றி. பிரேஸ் பயூ அப்போது பெருகிச் சுற்றுப்புறத்து வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் புதுக் கம்பளத்தின் கதை அதுதான்.

2017 ஆகஸ்ட் 25ஆம் திகதி இரவு ஹார்வி என்னும் சூறாவளி டெக்சாஸ் கரையைத் தாக்கியது. அது கரையேறிய இடம் எங்களுக்குத் தொலைவிலேதான். காற்று எங்களை அவ்வளவாக வருத்தவில்லை. ஆனால் மேகம் நகர மறுத்தது. மாநகரின் பல பகுதிகளில் நான்கு நாட்களுக்குள் 30 அங்குலத்துக்கும் அதிகமான மழை பெய்தது. மட்டக்களப்பில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி அது. சனிக்கிழமை இரவு, விடிவதற்குச் சில நாழிகைக்கு முன், மேல்வீட்டு மூதாட்டியின் மகன் எங்கள் கதவை இடித்தான். நான் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை வைத்தேன். கம்பளம் சதுப்பு நிலம்போல் அமிழ்ந்தது. குழந்தையையும் கடவுச்சீட்டுகளையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு மேலே ஓடினோம். தொட்டிலை எடுக்க என் கணவர் திரும்பி வந்தபோது கதவு திறக்க மறுத்தது.

மூன்று இரவுகள் அந்த மூதாட்டியின் கூடத்திற் கிடந்தோம். அவரது சோளரொட்டியும் அவரைக்கறியும் எங்களைக் காத்தன. தண்ணீர் வடிந்தபின் இறங்கிப் பார்த்தேன். அவர் கைவைத்துக் காட்டிய அதே உயரத்தில் சுவரிற் பழுப்புக் கோடு.

2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்றது. வடிந்ததும் சேற்றை வாரி, கழுவி, யன்னல்களைத் திறந்துவைத்துக் குடியிருந்தோம். அது கல்லும் சாந்துமான சுவர். அங்கேயோ மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகையை அடித்ததுதான் சுவர். அது கடதாசிபோல் நீரை உறிஞ்சும். இரண்டு மூன்று நாட்களிற் பூஞ்சணம் பூக்கும். வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து நாட்களில் வெளியேறவேண்டும் என்று கந்தோர் கதவில் ஒட்டிவிட்டது.

பிறகுதான் பத்திரங்களைப் படித்தோம். ஒப்பந்தத்தின்படி நாங்கள் எடுத்திருந்த காப்புறுதி தீக்கும் திருட்டுக்கும் ஈடு தருமாம்; நிலத்தில் பெருகிவரும் வெள்ளத்துக்குத் தராதாம். அதற்குச் சமஷ்டி அரசாங்கத்தின் வெள்ளக் காப்புறுதி வேறாக உண்டு. வாடகைக்கு இருப்போரும் தங்கள் சாமான்களுக்கு அதைப் பெறலாம். ஆனால் வாங்கி 30 நாட்களின் பின்னரே பெரும்பாலும் அது நடைமுறைக்கு வரும். மேகத்தைக் கண்டபின் வாங்கிப் பயனில்லை. அரசாங்கத்தின் அனர்த்த உதவிப் பணமும் மாணவர் விசாவில் இருப்போருக்கு இல்லை. முகாமில் எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் இதைச் சொல்லிவிட்டு, என் மடியைப் பார்த்து, "குழந்தை எங்கே பிறந்தது?" என்று கேட்டார். இங்கேதான் என்றோம். அப்படியானால் அவள் அமெரிக்கப் பிரசை. அவள் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்றார். நான்கு மாதக் குழந்தை எங்கள் குடும்பத்தின் தலைவியானாள். அவள் பெயராற் கிடைத்த பணத்தில் கட்டிலும் தொட்டிலும் வாங்கினோம்.

வெளியேறச் சொன்ன அதே கந்தோர் செப்டம்பர் மாத வாடகையையும் கேட்டது! வீடு முற்றாகக் குடியிருக்க முடியாதபடி அழிந்தால், எழுத்தில் அறிவித்து எத்தரப்பும் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்பது டெக்சாஸ் சட்டம். சர்வகலாசாலையில் சட்ட ஆலோசனை கூறும் ஒருவர் இதைச் சொல்ல, என் கணவர் புதிய விலாசத்தையும் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலிற் கடிதம் அனுப்பினார். புதிய விலாசத்தை எழுத்திற் கொடுத்தால், குடியிருந்தவர் வெளியேறிய 30 நாட்களுக்குள் வைப்புப் பணத்தைத் திருப்பவேண்டும், அல்லது கழிவுக்குக் கணக்குக் காட்டவேண்டும். இருபத்தெட்டாம் நாள் காசோலை வந்தது. அதில் 75 டொலர் கழிக்கப்பட்டிருந்தது. கம்பளம் சுத்தம் செய்த செலவாம்.

2022 ஜனவரி முதல் டெக்சாஸில் ஒரு சட்டம் உண்டு. வீடு வெள்ளச் சமவெளியில் உள்ளதா, கடந்த ஐந்து ஆண்டுகளில் தண்ணீர் புகுந்ததா என்பவற்றைத் தமக்குத் தெரிந்தவரையில் வாடகைக்கு விடுவோர் எழுத்திற் சொல்லவேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் ஐந்து ஆண்டுகள் என்பது குறுகிய காலம். ஹார்வியில் மூழ்கிய வீட்டை இன்று வாடகைக்கு விடுவோர், அதற்குப் பின் வெள்ளம் வராதிருந்தால், அவ்வெள்ளத்தைப் பற்றி வாய் திறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ள வரைபடங்களை எவரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஆயினும் எனக்கு அவற்றிலும் அயல்வீட்டாரிடமே நம்பிக்கை அதிகம்.

அடுத்த வீட்டை இரண்டாம் மாடியிற் பார்த்தோம். மின்தூக்கி கிடையாது, அரிசி மூட்டையைத் தோளிற் சுமந்தே ஏறவேண்டும். கையொப்பமிடுமுன் நான் கீழே இறங்கிப்போய், கீழ்த்தட்டு வீடொன்றின் கதவைத் தட்டினேன். ஒரு முதியவர் திறந்தார். என் முழங்கால் உயரத்திற் கையை வைத்துக் காட்டி, "அகுவா?" என்றேன்.

அவர் சிரித்துத் தலையசைத்து, தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார்.