நாற்பத்தேழு எப்படி அறுபத்தேழானது?



மாத்தளையில் பழைய கம்பியூட்டர் வைத்திருக்கும் பெற்றோருக்கும் எங்கள் பழைய மாணவர்களுக்கும் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பியூட்டர் அறையில் இருப்பவை, பலரும் தந்த பாகங்களை வைத்து நாங்களே பூட்டிய மெஷின்கள். சில வருடங்களுக்கு முன் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அதில் ஒன்றில் நோட்பேடில் பதிந்தோம். பதிய உதவியவன் தரம் 10 மாணவன் ஒருவன். பிறகு பார்த்தால் விடைத்தாளில் 47, கம்பியூட்டரில் 67. அந்தப் புள்ளி அவனுடையது.

"நான் மாத்தல்ல சேர்" என்றான். நாங்கள் நம்பவில்லை. வகுப்பின் முன்னாலேயே ஏசிவிட்டு, அறைச் சாவியையும் திருப்பி வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த தவணை அவன் இல்லாமலே அதே கதை. ஒரு பிள்ளையின் பெயருக்கு முன் இருந்த ஆங்கில 'எம்', 'ஓ' ஆகியிருந்தது. இடைக்கிடை நீலத்திரையும் வந்தது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டோம், பயனில்லை. ரெம்மைக் கழற்றி அதன் பொன்னிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினோம். பல மெஷின்கள் இதிலேயே சுகமாகிவிடும், இது ஆகவில்லை.

கடைசியில் 'மெம்டெஸ்ட்86+' சீடியைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். பிழை எப்போதும் ஒரே பிட்டில்: 0 ஆக இருக்க வேண்டியது 1 ஆகவே நின்றது. கம்பியூட்டருக்குள் '4' என்பது 00110100, '6' என்பது 00110110. வித்தியாசம் ஒரேயொரு பிட். 'எம்'முக்கும் 'ஓ'வுக்கும் இடையிலும் அதே பிட்தான். ரெம்மை மற்ற ஸ்லொட்டுக்கு மாற்றினோம். பிழையும் கூடவே போனது. ஆகவே பழுது ஸ்லொட்டில் இல்லை, ரெம்மில்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2003 மே 18 இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் நகரில், மின்னணு வாக்களிப்பில் ஒரு வேட்பாளருக்கு 4096 விருப்பு வாக்குகள் கூடுதலாக விழுந்தன. வேறு காரணம் அகப்படாததால், ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கலாம் என்றே நிபுணர்கள் சொன்னார்கள். 4096 என்பது சரியாக ஒரு பிட்டின் பெறுமதி. பெரிய சேர்வர்களில் இப்படியான பிழையைப் பிடித்துத் திருத்தும் விசேட ரெம் இருக்கும். நாம் பூட்டும் மெஷின்களில் பெரும்பாலும் இருக்காது.

அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஏசியது வகுப்பின் முன் என்பதால், மன்னிப்பையும் வகுப்பின் முன்னாலேயே கேட்டோம். சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான், ஒன்றும் பேசவில்லை.

வீட்டில் ஃபைல்கள் தானாக மாறினால், மெஷின் காரணமில்லாமல் நின்று நின்று போனால், முதலில் பிள்ளையை ஏசாதீர்கள். வயரைக் கழற்றிவிட்டு, ஒரு ரெம்மை மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை. முடியாவிட்டால் மெஷினை எங்களிடம் கொண்டுவாருங்கள். அந்த சீடி இன்னும் அலுமாரியில் இருக்கிறது.